ரீஃபண்ட் வரவில்லை என்றால் எந்த வாசலைத் தட்டுவது?

இணையக் கடையில் வாங்கிய பொருளைத் திருப்பி அனுப்பியாயிற்று. கடையும் பெற்றுக்கொண்டது. ‘ரீஃபண்ட் தொடங்கப்பட்டது’ என்று செய்தியும் வந்துவிட்டது. பணம் மட்டும் வரவில்லை. கடையைக் கேட்டால் வங்கியைக் கேளுங்கள் என்கிறார்கள். வங்கியைக் கேட்டால் கடையைக் கேளுங்கள் என்கிறார்கள். இந்த இருவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவர்கள் பெரும்பாலும் செய்வது கஸ்டமர் கேரை மறுபடி மறுபடி அழைப்பது. அதில் பயன் குறைவு என்பதைவிட ஆபத்து அதிகம் என்றே சொல்வேன். உங்களுக்கு உதவக்கூடிய மற்ற எல்லா இடங்களிலும் ஒரு கெடு ஓடிக்கொண்டிருக்கிறது. கடை ‘இன்னும் ஒரு வாரம் பொறுங்கள்’ என்று சொல்லும் ஒவ்வொரு தடவையும் அந்தக் கெடுவில் ஒரு வாரம் கழிந்துபோகிறது.

எந்தக் கடையில் வாங்கினோம் என்பதை வைத்தே எல்லோரும் யோசிக்கிறோம். ஆனால் யார் உதவுவார்கள் என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது, எப்படிப் பணம் கட்டினோம் என்பது. பணம் போன பாதையில் யார் யார் நிற்கிறார்களோ, அவர்களிடம்தான் அதைத் திருப்பி இழுக்கும் அதிகாரமும் இருக்கிறது. அதனால் அந்தப் பாதையைக் கொஞ்சம் தெரிந்துகொள்வது நல்லது.

பணம் எங்கே நிற்கிறது

வரவில்லை என்று நாம் ஒரே சொல்லில் சொல்வது மூன்று வேறு நிலைமைகளாக இருக்கலாம். கடை இன்னும் அனுப்பவே இல்லை. அனுப்பிவிட்டது, வழியில் இருக்கிறது. அல்லது வந்துவிட்டது, நாம் பார்க்காத இடத்துக்கு. மூன்றாவது நிலைமை நினைப்பதைவிட அதிகம் நடக்கிறது. கடையின் சொந்த வாலட்டில் வரவு வைத்திருப்பார்கள். இரண்டு கார்டு வைத்திருப்பவர் தவறான கார்டின் ஸ்டேட்மென்டைப் பார்த்துக்கொண்டிருப்பார். வீட்டில் வேறொருவரின் கார்டில் கட்டியது மறந்துபோயிருக்கும். கடையின் பெயர் ஒன்று, ஸ்டேட்மென்டில் வரும் நிறுவனப் பெயர் வேறொன்று என்பதால் வரவைக் கண்டும் அடையாளம் தெரியாமல் தாண்டிப் போவதும் உண்டு. அதனால் தொகையை வைத்துத் தேடுங்கள், பெயரை வைத்துத் தேடாதீர்கள்.

கார்டில் கட்டும்போது நொடியில் முடிகிற வேலை, திரும்பி வரும்போது ஏன் நாள்கணக்கில் இழுக்கிறது? கட்டும்போது நடப்பது உண்மையில் ஓர் அனுமதிதான். கார்டு கொடுத்த வங்கி ‘இவரிடம் பணம் இருக்கிறது, தரலாம்’ என்று சொல்கிறது. அந்தத் தொகையைத் தனியே நிறுத்தி வைக்கிறது. பணம் கைமாறுவது அதற்குப் பிறகு, வியாபாரியின் வங்கிக்கும் உங்கள் வங்கிக்கும் நடுவில் விசா, மாஸ்டர்கார்டு போன்ற வலையமைப்பின் வழியாக. பணம் கைமாறும் முன்பே ஆர்டரை ரத்து செய்தால் ரீஃபண்ட் என்று ஒன்று நடக்கவே நடக்காது. நிறுத்தி வைத்த தொகையை வங்கி விடுவிக்கும், அவ்வளவுதான். ஸ்டேட்மென்டில் பற்று வரியே காணாமல் போகும். வரவு வரியைத் தேடிக்கொண்டிருப்பவருக்கு அது கிடைக்காது.

பணம் கைமாறிய பிறகு திருப்பித் தருவதென்றால் அது தனியான புதிய பரிவர்த்தனை. கடை தொடங்க வேண்டும், கடையின் வங்கி அனுப்ப வேண்டும், வலையமைப்பு தாண்டி உங்கள் வங்கி அதை உங்கள் கணக்கில் ஏற்ற வேண்டும். விடுமுறை நாள்களில் இந்த வேலை மெதுவாகும். ஒரு வாரம், பத்து நாள் என்பது இதில் சாதாரணம். அதைத் தாண்டினால்தான் சந்தேகப்பட வேண்டும்.

அப்போது கடையிடம் கேட்க வேண்டியது ஒரு எண்ணை மட்டும். கார்டு ரீஃபண்ட் உண்மையாகவே வெளியே போயிருந்தால் அதற்கு 23 இலக்க ஏஆர்என் என்ற குறிப்பெண் உருவாகியிருக்கும். யுபிஐ வழியாக என்றால் 12 இலக்க ஆர்ஆர்என் எண். அந்த எண்ணை வங்கியிடம் கொடுத்தால் பணம் எங்கே நிற்கிறது என்று அவர்களால் தேட முடியும். ‘எங்கள் பக்கம் எல்லாம் முடிந்துவிட்டது’ என்று அடித்துச் சொல்லும் கடை, எண்ணைக் கேட்டதும் இரண்டு நாள் எடுத்துக்கொண்டால், ஒன்றும் முடியவில்லை என்று வைத்துக்கொள்ளலாம். இந்த ஒரு கேள்வியே பல கடைகளைச் சட்டென்று வேலை செய்ய வைத்துவிடுகிறது. வெறுமனே புலம்புகிறவர் யார், விவரம் தெரிந்தவர் யார் என்பதை அவர்களும் கவனிக்கத்தான் செய்கிறார்கள்.

கடை ஏன் இழுக்கிறது

எல்லாத் தாமதமும் ஏமாற்று வேலை இல்லை. திரும்பி வந்த பொருளைக் கிடங்கில் பிரித்துப் பார்க்கும் வரை பணம் விடமாட்டார்கள். கிடங்கில் குவிந்து கிடந்தால் அது நாள்கணக்கில் நிற்கும். பெரிய சந்தைத் தளங்களில் விற்பவர் ஒருவர், தளம் நடத்துபவர் வேறொருவர். பொருள் விற்பனையாளரின் கைக்குப் போகும், நாம் கேட்பதோ தளத்தை. இருவரும் ஒருவரை ஒருவர் கைகாட்டுவார்கள்.

ஆனால் கவலைப்பட வேண்டிய காரணம் ஒன்று இருக்கிறது. சிறிய கடைகள் பல, ரீஃபண்ட் தொகையைத் தனியே எடுத்து வைப்பதில்லை. பணம் வாங்கித் தரும் பேமென்ட் நிறுவனம், அடுத்து வரும் விற்பனைத் தொகையிலிருந்து ரீஃபண்டைக் கழித்துக்கொள்ளும். விற்பனை குறைந்து அந்தக் கணக்கில் இருப்பு இல்லாமல் போனால், கடை பொத்தானை அழுத்தியும் ரீஃபண்ட் அப்படியே நிற்கும். அதாவது ஒரு கடை பலருக்கும் ஒரே சமயத்தில் ரீஃபண்ட் தராமல் இழுத்தால், அது சோம்பலாக இல்லாமல் பணத் தட்டுப்பாடாக இருக்க வாய்ப்பு அதிகம். அப்படிப்பட்ட கடையிடம் பொறுமை காட்டுவது நல்ல குணமாக இருக்கலாம், நல்ல யோசனை இல்லை.

பணத்துக்குப் பதில் கடை வரவு தருகிறோம், பத்து சதவீதம் கூடுதலாகவே தருகிறோம் என்று வரும் பேச்சையும் இங்கேதான் வைத்துப் பார்க்க வேண்டும். அதே கடையில் மறுபடி வாங்கப்போகிறவருக்கு அது லாபமாகக்கூட இருக்கலாம். ஆனால் ஒருமுறை ஒப்புக்கொண்டால் பணமாகக் கேட்கும் உரிமை பெரும்பாலும் போய்விடும். வங்கியிடம் போனாலும் ‘நீங்களே சம்மதித்தீர்களே’ என்பார்கள். வேண்டாம் என்றால் எழுத்தில் வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும். பதில் சொல்லாமல் விட்டால், வரவைப் போட்டுவிட்டு ‘தீர்க்கப்பட்டது’ என்று புகாரை மூடும் கடைகள் இருக்கின்றன.

எழுத்தில் ஒரு முறை, ஒழுங்காக

தொலைபேசியில் பேசியது காற்றோடு போகும். சாட் ஜன்னலை மூடினால் அதில் பேசியதும் போகும். அதனால் ஒரு மின்னஞ்சல்: ஆர்டர் எண், தொகை, பொருளைத் திருப்பி ஒப்படைத்த தேதி, கூரியர் கண்காணிப்பு எண், கடை ரீஃபண்டுக்கு ஒப்புக்கொண்ட தேதி, எந்தத் தேதிக்குள் வர வேண்டும், வராவிட்டால் அடுத்து எங்கே போவீர்கள். கோபம் வேண்டாம், கதை வேண்டாம். நாளை இந்த மின்னஞ்சலைப் படிக்கப்போவது வங்கியில் யாரோ ஒருவர். அவருக்கு இரண்டு நிமிடத்தில் புரிய வேண்டும்.

இதில் எல்லாவற்றையும்விட முக்கியமானது, கடை ஒப்புக்கொண்டதற்கான சான்று. ‘உங்கள் பணத்தைத் திருப்பித் தருகிறோம்’ என்று கடையே எழுதிய ஒரு வரி இருந்தால், பொருள் பழுதா இல்லையா என்ற வாதத்துக்கே இடமில்லை. கொடுப்பதாகச் சொன்னார்கள், கொடுக்கவில்லை. அதோடு முடிந்தது. அந்த வரி சாட்டில் வந்திருந்தால் உடனே படம் பிடித்துக்கொள்ள வேண்டும். கடையின் ரீஃபண்ட் கொள்கைப் பக்கத்தையும் சேமித்து வைப்பது நல்லது, அவை சத்தமில்லாமல் மாறும். கூரியரில் ஒப்படைத்த ரசீதில் எடை அச்சாகியிருந்தால் அதைத் தூக்கிப் போடாதீர்கள். ‘வெறும் பெட்டிதான் வந்தது’ என்று கடை சொன்னால் அந்த எடைதான் பேசும்.

எந்தத் தேதிக்குள் என்று கேட்பது? இதற்குச் சட்டமே பல இடங்களில் பதில் வைத்திருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2011 நுகர்வோர் உரிமை ஆணையின்படி, இணையத்தில் வாங்கியதைக் காரணம் சொல்லாமலே 14 நாளுக்குள் வேண்டாம் என்று சொல்லலாம் (சில வகைப் பொருள்களுக்கு விலக்கு உண்டு). சொன்ன நாளிலிருந்து 14 நாளுக்குள், நீங்கள் கட்டிய அதே வழியில், சாதாரண டெலிவரிக் கட்டணத்தையும் சேர்த்துக் கடை திருப்பித் தர வேண்டும். பொருள் கைக்கு வரும் வரை அல்லது அனுப்பியதற்கு நீங்கள் சான்று காட்டும் வரை மட்டும் நிறுத்தி வைக்கலாம். அமெரிக்காவில், சொன்ன காலத்துக்குள் பொருளை அனுப்ப முடியாத கடை, காலமே சொல்லாவிட்டால் 30 நாளுக்குள் அனுப்ப முடியாத கடை, தாமதத்துக்கு வாங்கியவரின் சம்மதத்தைக் கேட்க வேண்டும் அல்லது பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்பது மத்திய வணிக ஆணையத்தின் விதி. இந்தியாவில் 2020 மின்வணிக விதிகள் ஒவ்வொரு தளமும் குறைதீர்ப்பு அலுவலர் ஒருவரை வைத்து, அவர் பெயரையும் தொடர்பு விவரத்தையும் தளத்திலேயே காட்டச் சொல்கின்றன. புகார் வந்த 48 மணி நேரத்தில் கிடைத்தது என்று சொல்ல வேண்டும், ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். கஸ்டமர் கேரில் யார் யாரிடமோ பேசுவதற்குப் பதில் இந்த அலுவலருக்கு எழுதுவதே மேல். பலர் அந்தப் பெயரைத் தளத்தின் அடியில் தேடிப் பார்ப்பதே இல்லை.

தேடுவது என்றதும் ஒரு எச்சரிக்கை. கடையின் தொலைபேசி எண்ணைத் தேடுபொறியில் தேடாதீர்கள். ரீஃபண்ட் வராமல் தவிப்பவர்களைக் குறிவைத்தே போலிக் கஸ்டமர் கேர் எண்களைப் போட்டு வைத்திருக்கிறார்கள். அழைத்தால் மிகவும் பணிவாகப் பேசுவார்கள், திரையைப் பகிரும் செயலியை இறக்கச் சொல்வார்கள், ‘பணம் வர ஒரு ரகசிய எண்ணைப் போடுங்கள்’ என்பார்கள். பணம் பெறுவதற்கு யுபிஐ பின்னும் தேவையில்லை, ஓடிபியும் தேவையில்லை. எண் வேண்டுமென்றால் கடையின் செயலிக்குள்ளோ ஆர்டர் உறுதிப்படுத்திய மின்னஞ்சலிலோ இருப்பதை மட்டும் எடுங்கள். சமூக ஊடகத்தில் கடையைக் குறிப்பிட்டுப் புகார் போட்ட சில நிமிடங்களில் ‘உதவட்டுமா’ என்று வரும் தனிச் செய்தியிலும் இதே ஆபத்து உண்டு.

வங்கி வழியாகத் திரும்ப இழுப்பது

கார்டில் கட்டியவர்களிடம் இருக்கும் பெரிய ஆயுதம் சார்ஜ்பேக். கடை கொடுக்காவிட்டால், கார்டு கொடுத்த வங்கி, வியாபாரியின் வங்கியிடமிருந்து பணத்தைத் திரும்ப எடுக்கும் ஏற்பாடு இது. கடன் அட்டைகள் பரவிய காலத்தில், பொருள் வராவிட்டாலும் மாதத் தவணையைக் கட்டித்தான் ஆக வேண்டும் என்ற நிலைமை மக்களைப் பயமுறுத்தியது. அமெரிக்காவில் 1974ல் ஃபேர் கிரெடிட் பில்லிங் சட்டம் வந்தது. அதே ஆண்டு பிரிட்டனில் நுகர்வோர் கடன் சட்டம் வந்தது. இரண்டுமே கார்டு கொடுத்தவரையும் பொறுப்பாளியாக இழுத்துவிட்டன. இன்று உலகம் முழுக்கப் பெரும்பாலான கார்டுகளுக்குக் கிடைக்கும் சார்ஜ்பேக், சட்டத்தால் வருவதைவிட விசா, மாஸ்டர்கார்டு நிறுவனங்களின் சொந்த விதிகளால் வருகிறது. அதனால்தான் சட்டம் பலமாக இல்லாத நாட்டிலும் அது வேலை செய்கிறது, டெபிட் கார்டுக்கும் வேலை செய்கிறது.

வங்கியிடம் போகும்போது எந்தக் காரணத்தைச் சொல்கிறோம் என்பதில் பாதி வெற்றி இருக்கிறது. விசாவின் விதிகளில் ‘பொருள் வரவில்லை’ ஒரு வகை, ‘சொன்னபடி இல்லை’ வேறொரு வகை, ‘ஒப்புக்கொண்ட ரீஃபண்டை வரவு வைக்கவில்லை’ இன்னொரு வகை. கடைசியாகச் சொன்னதன் குறியீடு 13.6. ரீஃபண்டுக்குக் கடை ஒப்புக்கொண்ட சான்று கையில் இருந்தால் இந்த வகையில்தான் போக வேண்டும். ‘பொருள் தரமில்லை’ என்று தொடங்கினால் தரத்தை நிரூபிக்கும் சுமை உங்கள் தலையில் விழும், தேவையில்லாத சுமை. ‘இந்தப் பரிவர்த்தனையை நான் செய்யவே இல்லை’ என்று சொல்வது அதைவிடப் பெரிய தவறு. கார்டையே முடக்குவார்கள், மோசடி விசாரணை தொடங்கும், கடை உங்கள் ஆர்டரைக் காட்டியதும் புகார் தோற்கும். சீக்கிரம் வேலை நடக்கும் என்று யாராவது இப்படிச் சொல்லச் சொன்னால் கேட்காதீர்கள்.

அவசரமும் கூடாது, ஆறப்போடவும் கூடாது. ரீஃபண்ட் வரவு வைக்கப்படாத வகைக்கு, கடைக்கு 15 நாள் அவகாசம் கொடுத்த பிறகே வங்கி இந்தப் புகாரைப் பதிய முடியும். மறுபக்கம், விசாவிலும் மாஸ்டர்கார்டிலும் பொதுவான கெடு 120 நாள். இந்த வகையில் அது ரீஃபண்ட் உறுதி சொன்ன தேதியை அல்லது பொருளைத் திருப்பிக் கொடுத்த தேதியை ஒட்டி ஓடும். 120 நாள் என்றால் நிறைய என்று தோன்றும். ‘அடுத்த வாரம்’, ‘அமைப்பில் கோளாறு’, ‘மேலதிகாரிக்கு அனுப்பியிருக்கிறோம்’ என்று மூன்று மாதம் ஓட்டும் கலை தெரிந்த கடைகள் இருக்கின்றன. வங்கிக்குத் தன் வேலைக்கும் நாள் வேண்டும். அமெரிக்காவின் சட்டக் கெடுவோ இன்னும் குறுகியது, தவறு தெரியும் ஸ்டேட்மென்ட் அனுப்பப்பட்டதிலிருந்து 60 நாள், எழுத்தில்.

புகார் பதிந்ததும் பல வங்கிகள் தற்காலிக வரவு வைக்கும். அதைப் பார்த்து வழக்கு முடிந்தது என்று நினைத்துவிடக் கூடாது. கடைக்குப் பதில் சொல்ல அவகாசம் உண்டு. கடை ஆவணம் காட்டி மறுத்தால், வங்கி உங்களிடம் திரும்ப வரும். சில நாளுக்குள் நீங்கள் பதில் சொல்லாவிட்டால் தற்காலிக வரவை எடுத்துவிடுவார்கள். வங்கியின் அந்த மின்னஞ்சல் விளம்பரக் கடிதங்களுக்கு நடுவில் கிடப்பது வழக்கம். இங்கேதான் பலர் ஜெயிக்க வேண்டிய வழக்கில் தோற்கிறார்கள்.

வங்கியின் கிளையில் போய்க் கேட்டால் ‘அது கடையோடு நீங்கள் பேச வேண்டியது’ என்று திருப்பி அனுப்புவதும் நடக்கும். முன் வரிசையில் இருப்பவருக்குச் சார்ஜ்பேக் பற்றித் தெரியாமல் இருக்கலாம். சார்ஜ்பேக் கேட்டு வங்கியில் பதியும் புகாருக்கு டிஸ்ப்யூட் என்று பெயர். ‘எனக்கு டிஸ்ப்யூட் பதிய வேண்டும், ரீஃபண்ட் வரவு வைக்கப்படவில்லை என்பது காரணம், மறுத்தால் மறுப்பை எழுத்தில் கொடுங்கள்’ என்று கேட்பது பலன் தரும். செயலியிலேயே பரிவர்த்தனையைத் தொட்டு டிஸ்ப்யூட் பதிய வழி இருந்தால் இன்னும் நல்லது.

கடைகள் சார்ஜ்பேக்குக்குப் பயப்படக் காரணம் உண்டு. ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டணம் கட்ட வேண்டும். சார்ஜ்பேக் விகிதம் ஒரு அளவைத் தாண்டினால் வலையமைப்பின் கண்காணிப்பில் விழுவார்கள், அபராதம் வரும், கடைசியில் கார்டு வாங்கும் வசதியே போய்விடும். ஆகவே ‘இந்தத் தேதிக்குள் வராவிட்டால் சார்ஜ்பேக் போடுவேன்’ என்ற வரி வெறும் மிரட்டல் ஆகாது. ஆனால் ஒன்றையும் கணக்கில் வையுங்கள்: சார்ஜ்பேக் போட்டவரின் கணக்கை மூடிவிடும் தளங்கள் உண்டு. வாங்கிய மின்னூல்கள், விளையாட்டுகள் அதோடு போகலாம். சிறிய தொகைக்காகப் பல வருடச் சேமிப்பை இழப்பதா என்று யோசித்துச் செய்ய வேண்டும்.

பிரிட்டனின் 1974 சட்டத்தில் 75ஆம் பிரிவு இதைவிடப் பலமானது. 100 பவுண்டுக்கு மேல், 30,000 பவுண்டு வரை விலையுள்ள பொருளுக்கு ஒரு பகுதியையாவது கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால், கடைக்கு இருக்கும் அதே பொறுப்பு கார்டு நிறுவனத்துக்கும் சட்டப்படி உண்டு. 120 நாள் கணக்கெல்லாம் அதற்குப் பொருந்தாது. ஆனால் நடுவில் வாலட் அல்லது வேறொரு பேமென்ட் நிறுவனம் புகுந்தால் அந்தத் தொடர்பு அறுந்துபோகலாம்.

மற்ற பாதைகள்

பேபால் வழியாகக் கட்டியிருந்தால் அதற்குச் சொந்தமான வாங்குவோர் பாதுகாப்பு உண்டு. கட்டிய 180 நாளுக்குள் டிஸ்ப்யூட் திறக்கலாம். அதில் பலர் சறுக்கும் இடம் வேறு: திறந்த 20 நாளுக்குள் அதை அடுத்த கட்டமான கிளைமாக உயர்த்தாவிட்டால் தானாக மூடிக்கொள்ளும், மறுபடி திறக்க முடியாது. கடை அந்த 20 நாளையும் இனிமையாகப் பேசியே கழித்துவிடும். அமேசான், ஈபே போன்ற தளங்களும் தங்கள் உத்தரவாதத் திட்டங்களுக்குத் தனித்தனிக் கெடு வைத்திருக்கின்றன. தளத்துக்கு வெளியே, விற்பனையாளரின் கணக்குக்கு நேரடியாகப் பணம் போட்டவருக்கு அந்த உத்தரவாதம் எதுவும் கிடையாது. குறைந்த விலைக்குத் தருகிறேன், வெளியே கட்டுங்கள் என்பதன் உள்நோக்கமே பெரும்பாலும் இதுதான்.

ஒரே சமயத்தில் தளத்தில் ஒரு புகார், வங்கியில் ஒரு புகார் என்று இரண்டு பாதையில் ஓடக் கூடாது. வங்கியில் சார்ஜ்பேக் பதிந்தால் தளம் தன் பக்கத்தை மூடிவிடும். இரண்டு பக்கமும் பணம் வந்துவிட்டால் அது உங்கள் மீதான புகாராக மாறும். தளத்தின் வழி முதலில். அது தோற்றால் வங்கி. நடுவில் 120 நாள் கழிந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தவணையில் பிறகு கட்டும் சேவைகளில் சிக்கல் வேறு மாதிரி. பொருள் கடைக்குத் திரும்பிப் போயிருக்கும். தவணை மட்டும் மாதாமாதம் கழியும். கோபத்தில் தவணையை நிறுத்தினால் கடன் மதிப்பெண் அடிபடும். பொருள் திருப்பியதை அந்தச் சேவையிடம் உடனே பதிந்து, தவணையை நிறுத்தி வைக்கச் சொல்லிக் கேட்பதுதான் முறை.

யுபிஐ, நேரடி வங்கிப் பரிமாற்றம் இவற்றில் கடை ரீஃபண்ட் தராததற்கு, கார்டில் உள்ளதுபோலப் பலமான சார்ஜ்பேக் உரிமையை எதிர்பார்க்க முடியாது. இங்கே பலரும் ஒரு விதியைத் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். கணக்கில் கழிந்தும் கடைக்குப் போய்ச் சேராத பணத்தை, பரிவர்த்தனை நாளுக்குப் பின் 5 நாளுக்குள் திருப்ப வேண்டும், தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்று இந்திய ரிசர்வ் வங்கி 2019ல் அறிவித்தது. அது தோல்வியடைந்த பரிவர்த்தனைக்கு மட்டும். பணம் கடைக்குப் போய்ச் சேர்ந்து, பொருளைத் திருப்பிய பிறகு கடை தராமல் இருப்பதற்கு அது பொருந்தாது. பிரிட்டனில் 2024 அக்டோபர் 7 முதல், ஏமாற்றப்பட்டுத் தாமாகவே அனுப்பிய பணத்தை 85,000 பவுண்டு வரை வங்கிகள் ஈடுகட்ட வேண்டும் என்ற விதி வந்தது. அதுவும் மோசடிக்குத்தான், உண்மையான கடையோடு வரும் தகராறுக்கு இல்லை. கிரிப்டோவிலோ பரிசு அட்டையிலோ பணம் கேட்கும் கடையைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. அங்கே இழுத்துப் பிடிக்க நடுவில் ஆளே கிடையாது.

அரசின் வாசல்

இதில் இரண்டு வகை உண்டு, அவற்றைக் குழப்பிக்கொள்வதால் மாதங்கள் வீணாகின்றன. வங்கி ஒம்புட்ஸ்மன் என்பவர் வங்கி தன் வேலையைச் சரியாகச் செய்ததா என்று பார்ப்பவர். வங்கி உங்கள் டிஸ்ப்யூட்டைப் பதிய மறுத்தது, கெடுவைத் தவறவிட்டது என்றால் அவரிடம் போகலாம். முதலில் வங்கிக்கே எழுதியிருக்க வேண்டும். இந்தியாவில் வங்கி 30 நாளில் பதில் தராவிட்டால் அங்கே போகலாம். கடை பணம் தரவில்லை என்று அவரிடம் போனால் புகார் திரும்பி வரும். கடைக்கு எதிரான புகாருக்கு நுகர்வோர் அமைப்புகளும் தீர்ப்பாயங்களும் இருக்கின்றன.

இந்தியாவில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதியும் புகார் தீர்ப்பைத் தராது. நிறுவனத்துக்கு அனுப்பிப் பதில் கேட்கும். அந்த அளவே பல தளங்களை அசைத்துவிடுகிறது என்பதால் முதலில் அதைச் செய்துபார்ப்பது நஷ்டமில்லை. தீர்ப்பு வேண்டுமென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டத்தின் மிகப் பெரிய வசதி, கடை எங்கே இருந்தாலும் நீங்கள் வசிக்கும் அல்லது வேலை பார்க்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம் என்பது. கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். சிங்கப்பூரின் சிறு கோரிக்கைத் தீர்ப்பாயம் 20,000 வெள்ளி வரை கேட்கிறது, இரு தரப்பும் ஒப்புக்கொண்டால் 30,000 வரை. மலேசியாவின் நுகர்வோர் கோரிக்கைத் தீர்ப்பாயம் 50,000 ரிங்கிட் வரை. இரண்டிலும் வழக்கறிஞர் இல்லாமல் நாமே பேசலாம் என்பதுதான் அவற்றின் உயிர்.

கடை வேறு நாட்டில் இருந்தால் கதை கடினமாகும். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் என்றால் 2005 முதல் இயங்கும் ஐரோப்பிய நுகர்வோர் மையங்கள் இலவசமாகக் கடையோடு பேசித் தருகின்றன. ஒன்றியம் நடத்திய இணையத் தகராறு தீர்ப்புத் தளத்தைப் பழைய வழிகாட்டிகள் பரிந்துரைக்கும். அது 2025 ஜூலை 20 அன்று மூடப்பட்டுவிட்டது, தேடி அலைய வேண்டாம். பல நாட்டு நுகர்வோர் அமைப்புகள் சேர்ந்து 2001ல் தொடங்கிய இகன்ஸ்யூமர் டாட் கவ் தளத்தில் புகார் பதியலாம், ஆனால் அது தனி ஒருவரின் பணத்தை வாங்கித் தருவதில்லை. புகார்களைச் சேர்த்து வைத்து, ஏமாற்றும் கடைகளை அடையாளம் காண அமைப்புகளுக்கு உதவுகிறது. முகவரியே இல்லாத வெளிநாட்டுக் கடையிடம் ஏமாந்தவருக்கு நடைமுறையில் சார்ஜ்பேக் ஒன்றே வழி. அப்படிப்பட்ட கடைகளில் கார்டு தவிர வேறெதிலும் கட்டாமல் இருப்பதற்கு இதைவிடக் காரணம் வேண்டியதில்லை.

தீர்ப்பு கிடைப்பதும் பணம் கிடைப்பதும் ஒன்று இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். தீர்ப்புக்குப் பிறகும் தராத கடைமீது, தீர்ப்பை அமல்படுத்தக் கேட்கும் நிறைவேற்று மனு போட வேண்டியிருக்கும். பெரிய நிறுவனங்கள் அதுவரை போகவிடுவது அரிது. நோட்டீஸ் போனதுமே கொடுத்துவிடும். காணாமல் போகும் சிறிய கடையிடம் தீர்ப்பு வெறும் தாளாக நிற்கலாம்.

கடை திவாலானால் நிலைமை இன்னும் தெளிவாகிறது. ரீஃபண்டுக்காகக் காத்திருப்பவர், பிணை எதுவும் இல்லாமல் கடைக்குக் கடன் கொடுத்தவர்போல ஆகிவிடுவார்; வரிசையில் வங்கிகளுக்கும் ஊழியர்களுக்கும் பின்னால் நின்றால் கைக்கு வருவது சொற்பம், பல சமயம் ஒன்றுமில்லை. ஆனால் கார்டில் கட்டியவர் அந்த வரிசையில் நிற்க வேண்டியதில்லை. சார்ஜ்பேக் தொகையை வியாபாரியின் வங்கியே ஏற்க வேண்டியிருக்கும்; கடை ஆட்டம் காணத் தொடங்கியதும் அந்த வங்கிகள் கடையின் விற்பனைப் பணத்தைப் பிடித்து வைப்பது இதற்காகவே. கடையின் சொந்த வரவோ பரிசு அட்டையோ வைத்திருப்பவருக்கு இந்த வசதி கிடைப்பது கடினம். அதனால் கடை மூடப்போகிறது என்ற செய்தி கண்ணில் பட்டால், கடைக்கு இன்னொரு மின்னஞ்சல் எழுதி உட்கார்ந்திருக்காமல், கையில் இருக்கும் சான்றுகளோடு அன்றைக்கே வங்கியில் டிஸ்ப்யூட் பதிந்துவிடுங்கள். பிறகு திவால் நிர்வாகி அறிவிக்கும் தேதிக்குள், கடை பணம் தர வேண்டியவர்களின் பட்டியலிலும் பெயரைப் பதியலாம், வங்கி வழியில் பணம் வந்துவிட்டால் அதை அவரிடம் சொல்லிவிட வேண்டும்.